மகள்களின் பெயரில் இருந்த மாடிகள்

1. ஒரு வியாழக்கிழமை காலை எங்கள் மொட்டைமாடியில் இரண்டு லொறி இரும்புக் கம்பி ஏற்றப்பட்டது. எங்களில் எவரிடமும் யாரும் கேட்கவில்லை.

2. கட்டடத்தைக் கட்டி விற்றவர், மேலே இன்னும் இரண்டு மாடி எழுப்ப மாநகர சபையில் விண்ணப்பித்திருப்பது தெரியவந்தது.

3. எங்கள் குடியிருப்பாளர் சங்கம் பதினெட்டுக் கையெழுத்துடன் ஆட்சேபக் கடிதம் அனுப்பியது.

4. தொடர்மாடிகளைக் கவனிக்கும் அரச அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. கையெழுத்திட்ட பதினெட்டுப் பேரில் நான்கு பேருக்குத்தான் அந்தக் கட்டடத்தில் வீடு இருக்கிறதாம்.

5. உண்மையான உரிமையாளர்கள் கூடி, பாதிக்கு மேற்பட்டோர் வாக்களித்து நிறைவேற்றிய தீர்மானத்தை முப்பது நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். தவறினால் ஆட்சேபம் இல்லையென்று எடுத்துக்கொள்ளப்படும் என்றும் அதே கடிதம் சொன்னது.

6. நான் காணிப் பதிவகத்துக்குப் போனேன்.

7. பிறகு கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

நடந்ததை இப்படி இலக்கமிட்டு எழுதுவது என் தொழில் தந்த பழக்கம். நான் கட்டுமானப் படவரைஞர். இரத்மலானையில் ஓர் அலுவலகத்தில் மற்றவர்களின் கட்டடங்களுக்குத் தூணும் குறுக்கு வளையும் வரைந்துகொண்டிருந்தேன். தளத்துக்குப் போய் வந்த நாட்களில், கண்டதை இலக்கமிட்டு அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

வீடு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் இருந்தது. ஐந்து மாடி, மாடிக்கு நான்கு என இருபது வீடுகள். பதினெட்டு விற்றிருந்தன, இரண்டு இன்னும் கட்டியவரின் பெயரிலேயே இருந்தன. நாங்கள் ஐந்தாம் மாடி. சமாதானப் பேச்சு முறிந்து, காலி வீதியில் சோதனைச் சாவடிகள் மறுபடி முளைத்திருந்த காலம் அது.

கம்பி ஏற்றிய அன்று பின்னேரம் கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் போய்த் தூண்களை அளந்தேன். அளவுகளை மறுநாள் அலுவலகத்தில் எங்கள் பொறியியலாளரிடம் காட்டினேன். அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல பெரிய தண்ணித் தாங்கி ஒண்டு வைக்கவே நான் ரெண்டு தரம் யோசிப்பன்" என்றார். ஐந்து மாடிக்காக வார்த்த தூண்கள் அவை. ஏழு மாடியை அவற்றின் தலையில் ஏற்றினால் உடனே விழும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டின் கூரையைத் துளைத்துத்தான் வேலை தொடங்கும். அம்மாவும் அப்பாவும் அதற்கு முன் நான்கு வீடுகளை விட்டு வந்தவர்கள். ஐந்தாவது தடவை மூட்டை கட்ட அவர்களிடம் தெம்பு இருக்கவில்லை. வேறு எங்கும் போகவும் இடமில்லை.

பதில் கடிதத்தைச் சங்கத்தின் செயலாளர் மாமா தன் வீட்டு மண்டபத்தில் உரத்து வாசித்தார். அவர் இரண்டாம் மாடி. ஓய்வுபெற்ற அரச எழுதுவினைஞர், மனைவியை இழந்தவர், கோப்பு, இறப்பர் முத்திரை, சிவப்பு மை எல்லாவற்றையும் ஒரு பிரயாணப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவர். வாசித்து முடித்ததும் மண்டபத்தில் இருந்த அப்பாமார் எல்லோரும் ஒன்றாகக் கதைக்கத் தொடங்கினார்கள்.

"நான் வீட்டுக்காரன் இல்லையெண்டா வேற ஆராம்? மாபிள் தெரிஞ்சது நான், குசினி அலுமாரிக்கு அளவு குடுத்தது நான்!"

"கந்தோரில எவனோ நித்திரையில எழுதியிருக்கிறான்."

"ஐசே, முதல்ல உம்மட வீட்டு உறுதியை எடுத்துப் பாரும். ஆரின்ர பேரில எழுதினனீர்?"

கடைசியாகக் கேட்டவர் என் அப்பா. கேட்ட பிறகுதான் அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும். திரும்பி என்னைப் பார்த்தார்.

என்ன நடந்தது என்பது விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. அந்த வீடுகளை வாங்கியவர்களில் பெரும்பாலானோர் மகளின் சீதனத்துக்கென்று வாங்கியவர்கள். நொத்தாரிசின் முன்னால் மகளின் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதி, அதை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, அன்றிலிருந்து தாங்களே வீட்டுக்காரர்களாக நடந்துகொண்டார்கள். மகள்மாரும் அதை மறந்துபோனார்கள். நானும் மறந்திருந்தேன். பல்கலைக்கழக அனுமதி கிடைக்காமல் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போன வருடம், எங்கோ ஒரு மேசையில் அப்பா காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்து வைத்தது மட்டும் நினைவிருந்தது.

அப்படியானால் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் எங்கிருந்து வந்தது என்று செயலாளர் மாமாவிடம் கேட்டேன்.

"பொலிஸ் பதிவுத் துண்டில இருந்துதான் பிள்ளை."

ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்து, முத்திரை குத்திய துண்டை வீட்டில் வைத்திருக்க வேண்டிய நாட்கள் அவை. தேடுதலுக்கு வருபவர்கள் முதலில் செயலாளர் மாமாவின் கதவைத்தான் தட்டுவார்கள். அதனால் எல்லா வீட்டுத் துண்டுகளின் பிரதியும் அவரிடம் இருந்தது. சங்கம் தொடங்கியபோது ஒவ்வொரு துண்டிலும் முதலாவதாக இருந்த பெயரை வரிசையாக எழுதி, தலைப்பில் 'உரிமையாளர்கள்' என்று போட்டிருக்கிறார். முதலாவது பெயர் எப்போதும் அப்பாவுடையது. யார் எங்கே படுக்கிறார்கள் என்று பொலிஸுக்குச் சொன்ன பட்டியலை, யாருக்கு வீடு சொந்தம் என்று அரசாங்கத்துக்கு அனுப்பியிருந்தோம்.

மறுநாள் அரைநாள் லீவு எடுத்துக் காணிப் பதிவகத்துக்குப் போய், இருபது வீடுகளுக்கும் பதிவுப் பிரதிக்கு விண்ணப்பித்தேன். ஐந்து நாளில் கையில் கிடைத்தன. பஸ்ஸில் வரும்போதே கொப்பியில் பிரித்து எழுதினேன்.

கட்டியவர்: 2.
தகப்பன் பெயரில், அல்லது கணவன் மனைவி இருவர் பெயரிலும்: 4.
மகள் பெயரில்: 14.

தீர்மானத்துக்குப் பதினொரு வாக்கு வேண்டும். அந்த நால்வர் ஏற்கெனவே எங்கள் பக்கம். கட்டடத்திலேயே வசிக்கும் மகள்மார் என்னோடு மூவர். கலியாணம் கட்டி இரத்மலானைக்குப் போன ஒருத்தி. ஆக எட்டு. மீதிப் பத்துப் பேரும் வெளிநாட்டில். அவர்கள் வர முடியாது. தமக்குப் பதிலாக வாக்களிக்க ஒருவரைப் பதிலாளாகப் பெயர் குறித்து, கையெழுத்திட்ட மூலப் படிவத்தைத் தபாலில் அனுப்பலாம். பத்தில் மூன்று வந்தால் போதும்.

பட்டியலைக் கொடுக்க இரண்டாம் மாடிக்குப் போனேன். செயலாளர் மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தார். தன் வீட்டு வரியில் விரல் நின்றது. வெளிநாட்டில் உள்ளோர் என்ற தலைப்பின் கீழ் அவருடைய மகளின் பெயர் இருந்தது. மகள் மெல்பேணில் இருக்கிறார் என்று கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"பிள்ளை, இந்தப் பேரை வெட்டிவிடும்."

"ஏன் மாமா? படிவம் அனுப்பினா இரண்டு கிழமையில வந்திடும்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அவ மெல்பேணில இல்லை."

பட்டியலை என் பக்கம் திருப்பினேன்.

"கொட்டாஞ்சேனையில இருக்கிறா. மூண்டு வருசம். தானாப் போய்க் கலியாணம் எழுதினவ. பெடியன் மலைநாட்டுத் தோட்டப் பக்கம். புறக்கோட்டையில ஹாட்வெயார் கடையில நிக்கிறானாம்." கண்ணாடியை இறக்கிக் கடிதத்தை மறுபடி வாசிப்பதுபோல் பார்த்தார். "நான் வேற என்னத்தைச் சொல்லுறது? ஆக்கள் கேக்கேக்க வாயில அவுஸ்திரேலியா எண்டு வந்திட்டுது."

மூன்று வருடமாக அவர் மகளோடு கதைக்கவில்லை. மூன்று வருடமாக அவளுடைய வீட்டில் இருந்துகொண்டுதான் கதைக்கவில்லை. இதை நான் சொல்லவில்லை. அவரே சொன்னார், கிட்டத்தட்ட இதே சொற்களில்.

"அவ வித்தாலும் நான் ஒண்டும் செய்யேலாது, என்ன?"

"சட்டப்படி ஏலாது, மாமா."

"ஓம்" என்றார். "அது எனக்குத் தெரியும்."

முகவரியை அவரிடம் கேட்டபோது தெரியாது என்றார். பிறகு பிரயாணப் பெட்டியைத் திறந்து, சிவப்பு மையால் எழுதிய ஒரு துண்டைத் தந்தார்.

சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போய் பஸ் மாறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கோயிலுக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய படிக்கட்டு. மேலே இரண்டு அறை. கதவைத் திறந்தவர் கணவர். வெள்ளவத்தையிலிருந்து வருகிறேன் என்றதும் ஒரு கணம் தயங்கி, "உள்ள வாங்க, உக்காருங்க, தேத்தண்ணி போடுறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அக்கா கையைத் துடைத்தபடி வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு இருக்கும்.

"அப்பா அனுப்பினவரோ?"

"இல்லை அக்கா. சங்கம் அனுப்பினது."

"சங்கத்துக்கு ஆர் செயலாளர்?"

"அப்பாதான்."

அவர் சிரித்துவிட்டார். "நான் அவுஸ்திரேலியாவில இருக்கிறனாம், என்ன? இப்ப அங்க குளிராமோ?"

"தெரியேல்ல அக்கா. நானும் போனதில்லை."

அடுப்படியிலிருந்து கணவரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு வேலை சுலபமாகியது. கடிதத்தையும் பதிவுப் பிரதியையும் தூண்களின் அளவையும் மேசையில் வைத்தேன். அக்கா எல்லாவற்றையும் அவசரப்படாமல் வாசித்தார். கட்டியவரின் ஆள் முந்திய கிழமையே வந்துவிட்டுப் போயிருப்பதையும் அப்போதுதான் சொன்னார். வீட்டை நல்ல விலைக்கு எடுக்கிறோம், இல்லாவிட்டால் மேல்மாடிக்குச் சம்மதமென்று ஒரு கையெழுத்தாவது தாருங்கள் என்று கேட்டிருக்கிறான்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"யோசிச்சுச் சொல்லுறன் எண்டன். கோவத்தில அப்பவே குடுத்திருப்பன். இவர்தான் தடுத்தவர்."

தேத்தண்ணியோடு வந்த கணவர், "அவரு அங்கதானே இருக்காரு. வித்துட்டா எங்க போவாரு?" என்றார். அவ்வளவுதான்.

படிவத்தை நீட்டினேன். அக்கா தொடவில்லை.

"இதில அவற்ற பேரைப் போட மாட்டன்."

"போட வேண்டாம். என்ர பேரைப் போடுங்கோ. இல்லாட்டி நேரில வாங்கோ."

"நேரில வந்தா அவர் எல்லாருக்கும் முன்னால என்ன சொல்லுவாரோ?"

"ஒண்டும் சொல்லேலாது அக்கா. கூட்டத்தில அவருக்குக் கதைக்க உரிமை இல்லை."

அக்கா என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். "உண்மையாவோ?"

"சங்கத்தின்ர பதினாறாம் விதி. உரிமையாளரும் பதிலாளும் மட்டும்தான் கதைக்கலாம்."

"அப்ப வாறன்" என்றார்.

வருவதாகச் சொன்னதை நம்பினாலும், என் கொப்பியில் அவருக்கு நேரே கேள்விக்குறிதான் போட்டேன். வெளிநாட்டில் உண்மையாகவே இருந்த ஒன்பது பேரின் படிவங்களுக்குக் காத்திருந்தோம். ஒருத்தி தொலைநகலில் அனுப்பினாள். மூலப்பிரதி இல்லையென்றால் செல்லாது. மூவரின் தபால் வந்து சேரவே இல்லை. இருவர் திகதி போடவில்லை. ரொறொன்ரோவில் இருந்த ஒருத்தியின் படிவத்தில் கையெழுத்து எனக்குப் பரிச்சயமாக இருந்தது. நாலாம் மாடியில் இருந்த அவளுடைய தகப்பனிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அங்கிள், இது உங்கட கையெழுத்தெல்லோ?"

"ஓம். அவளின்ர கையெழுத்து எப்பவும் நான்தானே வைக்கிறனான். பள்ளிக்கூட ரிப்போர்ட்டிலயும் நான்தான் வைச்சனான்."

"இதில அவதான் வைக்க வேணும்."

"நீர் ஒரு தலையிடி பிள்ளை" என்றார், கோபமில்லாமல்.

ஆக ஒன்பதில் செல்லக்கூடியவை இரண்டு. எட்டும் இரண்டும் பத்து. கேள்விக்குறிதான் பதினொன்று.

கூட்டத்தைப் பௌர்ணமிப் போயா விடுமுறையன்று காலை பத்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் வைத்தோம். அத்தனை தமிழர் ஓரிடத்தில் கூடுவதென்றால் பொலிஸுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. உரிமையாளரின் பெயர்ப்பட்டியலுடன் நான்தான் போனேன். சார்ஜன்ட் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்.

"அநேகமாக எல்லாம் பெண்கள். இது என்ன சங்கம் நங்கி?"

"வீட்டுச் சொந்தக்காரர் சங்கம், சேர்."

"அப்போ ஆண்கள்?"

"அவர்கள் வாடகை கொடுக்காமல் இருப்பவர்கள்."

பக்கத்து மேசையில் இருந்தவரும் சிரித்தார். சார்ஜன்ட், தன் வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்லி முத்திரையைக் குத்தினார். வெளியே வந்ததும் முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தேன்.

அன்று காலை வாடகைக் கதிரைகளை முன்னால் நான்கு வரிசை போட்டோம். அவை வாக்குரிமை உள்ளவர்களுக்கு. அப்பாமார் சுவரோரமாக, கார்களில் சாய்ந்துகொண்டு நின்றார்கள். கட்டியவரின் பிரதிநிதி டை கட்டி வந்திருந்தார். அக்கா ஒன்பதரைக்கே வந்துவிட்டார். தனியாகத்தான் வந்தார். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். செயலாளர் மாமா கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை.

வரவு எடுப்பது, உரிமையாளர் அல்லாத செயலாளராக அவருடைய கடைசிக் கடமை. பத்து மணிக்கு எழுந்து வீட்டு இலக்கத்தையும் உறுதியில் உள்ள முழுப் பெயரையும் வாசிக்கத் தொடங்கினார். முதலாம் மாடி முடிந்தது. இரண்டாம் மாடியில் முதல் வீடு முடிந்தது. அடுத்தது அவருடைய வீடு. இலக்கத்தை வாசித்தார். நிறுத்தினார். தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தார். டை கட்டிய மனிதர் மணிக்கூட்டைப் பார்த்தார். அந்தப் பெயரை வாசிக்காமல் அடுத்த வரிக்குப் போனால் எங்களுக்குப் பத்துத்தான்.

பிறகு வாசித்தார். மகளின் முழுப் பெயரையும், தன் பெயர் அதற்கு முன்னால் வரும் விதமாக, உறுதியில் இருந்தபடியே வாசித்தார்.

"இருக்கிறன்" என்றார் அக்கா.

எல்லாத் தலைகளும் திரும்பின. மூன்றாம் மாடி மாமி பின்னாலிருந்து எட்டி, "எப்ப பிள்ளை மெல்பேணில இருந்து வந்தனீர்?" என்று கேட்டார்.

"காலமை, மாமி. கொட்டாஞ்சேனை பஸ்ஸில."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. சுவரோரத்தில் நின்ற என் அப்பாவாக இருக்கலாம். மாமிக்கு விளங்க இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும், "அப்ப இவ்வளவு கிட்ட இருந்துகொண்டோ ஒருக்காலும் வரேல்ல? நல்ல பிள்ளை நீர்!" என்று ஏசினார். அக்காவை ஏசுவதுபோல் தொடங்கி, பார்வை செயலாளர் மாமாவில் போய் நின்றது. "பொய் சொல்லுறதெண்டாலும் கொஞ்சம் தூரம் குறைச்சுச் சொல்லியிருக்கலாம் அண்ணை." செயலாளர் மாமா சிவப்புப் பேனாவால் ஒரு சரி அடையாளம் போட்டு, அடுத்த இலக்கத்தை வாசித்தார். குரல் இறங்கியிருந்தது, ஆனால் ஓடியது.

தீர்மானத்தை நான் வாசித்தேன். மொட்டைமாடி எல்லா உரிமையாளருக்கும் பொதுவானது. அதன் மேல் எதையும் கட்ட நாங்கள் சம்மதிக்கவில்லை. அப்போது ஓர் அப்பா காரில் சாய்ந்தபடி, "அதில தூணைப் பற்றியும் போடும்..." என்று தொடங்கினார். முன்வரிசையில் இருந்த அவருடைய மகள் திரும்பிப் பார்க்காமலே, "அப்பா, பதினாறாம் விதி" என்றாள். விதிகளை எல்லோருக்கும் பிரதி எடுத்துக் கொடுத்ததற்கு அதுதான் பலன்.

கைகள் உயர்ந்தன. எண்ணினேன். ஒன்பது கை, இரண்டு படிவம். மறுபடி எண்ணினேன். பதினொன்று. கட்டியவரின் பிரதிநிதி தன் இரண்டு வாக்கையும் எதிர்த்துப் பதிந்துவிட்டு, தேத்தண்ணி குடிக்காமல் போனார்.

அன்று பின்னேரமே கூட்டக் குறிப்பைச் சுத்தப் பிரதியாக எழுதி, உரிமையாளர் கையெழுத்துகளுடன் இருபத்தேழாம் நாள் அந்த அலுவலகத்தில் கையளித்து, திகதி முத்திரை குத்திய பிரதியை வாங்கினேன். திரும்பி வரும் ரயிலில் கடல் பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பம்பலப்பிட்டி வரும் முன்பே நித்திரையாகி, வெள்ளவத்தையைத் தவறவிட்டுத் தெகிவளையில் இறங்கி நடந்து வந்தேன். எத்தனையோ கிழமைக்குப் பிறகு வந்த நல்ல நித்திரை அது.

நிர்வாகக் குழுவில் இருக்க உரிமையாளராக இருக்க வேண்டும் என்பதால் செயலாளர் மாமாவின் பதவி போய்விட்டது. பிரயாணப் பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறி வந்து தந்தார். சிவப்பு மைப் போத்தலை மட்டும் தான் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அதற்கு விதி எதுவும் இல்லை என்றேன்.

கூட்டம் முடிந்த அன்று அக்கா மேலே போனாரா, உள்ளே என்ன கதைத்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கதிரைகளை எண்ணித் திருப்பி அனுப்பும் வேலையில் இருந்தேன். தெரிந்தது இவ்வளவுதான்: அடுத்த கூட்ட அறிவித்தல் போனபோது அக்கா ரெலிபோனில் அழைத்து, தன்னால் ஒவ்வொரு முறையும் வர முடியாது, அப்பாவின் பெயரைப் படிவத்தில் போடலாமா என்று கேட்டார். போடலாம், ஆனால் ஒரு படிவம் ஒரு கூட்டத்துக்குத்தான் செல்லும், மூலக் கையெழுத்தும் வேண்டும் என்றேன். தபாலில் அனுப்பினால் பிந்தும். யாராவது கொட்டாஞ்சேனைக்குப் போய் வாங்கி வர வேண்டும்.

இப்போதைய நிலை இது. மேல்மாடி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. கட்டடத்தைக் கட்டியவரே கம்பிகளை இறக்கி எடுத்துப் போனார். உரிமையாளர் பட்டியல் காணிப் பதிவகத்தின்படி திருத்தப்பட்டுள்ளது. பொலிஸ் பட்டியல் வேறு கோப்பில் இருக்கிறது. குழுவில் ஏழு பேர், ஐவர் பெண்கள், செயலாளர் நான். அக்காவின் இரண்டாம் மாடி வீட்டின் பதிலாள் இதுவரை நான்கு கூட்டத்துக்கு வந்திருக்கிறார், நான்கு முறையும் புதிய படிவத்துடன். கட்டடம் ஐந்து மாடி.